சிறு பாய்ப்படகுக்கு ஏற்ற கடற்படக் கருவி

திருவனந்தபுரம் மாவட்டத்தின் விழிஞம், பூந்துறை, அஞ்சுதெங்கு முதலிய கரையூர்களில் வாழும் மீனவர், கருவி எதுவுமின்றியே கடலில் தம் இடத்தை அறியும் முறையொன்றை நெடுங்காலமாகக் கையாண்டு வந்துள்ளனர். கரையிலுள்ள தேவாலய கோபுரமும் அதற்குப் பின்னே தொலைவில் தோன்றும் மலைமுடியும் ஒரே நேர்கோட்டில் அமையுமாறு படகைச் செலுத்துவர். வேறொரு திசையிலும் இவ்வாறே இரண்டு அடையாளங்களை நேர்ப்படுத்துவர். இவ்விரு கோடுகளும் வெட்டும் இடமே அவர்கள் தேடும் 'பார்', அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டு. இம்முறையைக் 'கணிச்சம்' என்பர்.

இரவிலும், மழை மூட்டத்திலும், கரை மறையும் தொலைவிலும் கணிச்சம் பயன்படாது. ஆங்கே உதவுவது 'சார்ட் பிளாட்டர்' என வழங்கும் கடற்படக் கருவி. பலவகைக் கருவிகள் பலவித விலைகளில் கிடைக்கின்றன. பாய் விரித்தோடும் சிறு படகுக்கும், வெளிப்பொறி பூட்டிய நாட்டுப்படகுக்கும் இவற்றுள் எது ஏற்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கருவி இடத்தை அறியும் விதம்

இக்கருவி செயற்கைக் கோள்களிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பெற்று, அவை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு ஒவ்வொரு கோளின் தொலைவையும் கணக்கிடுகிறது. இடத்தை அறிய மூன்று தொலைவுகளும், கருவியிலுள்ள கடிகாரத்தின் பிழையை நீக்க நான்காவது தொலைவும் வேண்டும். கணிச்சத்தில் கோடுகள் வெட்டுகின்றன. இங்கே கோளப் பரப்புகள் வெட்டுகின்றன. அடிப்படை ஒன்றே.

விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் தவறினாலும், தொலைவு 300 மீட்டர் தவறிவிடும். நம் நாட்டு நாவிக் அமைப்பின் முதற் செயற்கைக்கோள் 2013-இல் ஏவப்பட்டது. அதிலிருந்த மூன்று அணுக் கடிகாரங்களும் பின்னர்ப் பழுதுற்றன. எனவே ஒரே அமைப்பை மட்டும் நம்பாது, ஜி.பி.எஸ்., குளோனாஸ், கலிலியோ, நாவிக் ஆகியவற்றுள் பலவற்றின் அலைகளைப் பெறவல்ல கருவியையே தேர்ந்தெடுத்தல் நன்று.

படமே முதன்மை

வாங்குவோர் பெரும்பாலும் திரையின் அளவையே முதலில் நோக்குகின்றனர். உண்மையில் முதலில் நோக்கவேண்டியது கருவியினுள் இருக்கும் படமே. அப்படம் நம் கரைக்கு உரியதா? எந்த ஆண்டில் திருத்தப்பட்டது? இனித் திருத்தங்களைச் சேர்க்க வழியுண்டா? இம்மூன்றையும் கேட்டறிதல் வேண்டும். இந்தியக் கடற்பகுதிக்குரிய அதிகாரபூர்வமான படங்களை டேராடூனிலுள்ள தேசிய நீர்ப்பரப்பளவை அலுவலகம் வெளியிடுகிறது.

விழிஞம் துறைமுகப் பணிகள் 2015-இல் தொடங்கின; துறைமுகம் 2025 மே 2-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் அலைதடுப்புச் சுவரின் நீளம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். 2015-க்கு முந்திய படத்தில் அச்சுவர் இருந்த இடம் திறந்த கடலாகவே தோன்றும். அதே 2025 மே மாதம் 25-ஆம் நாள், விழிஞத்திலிருந்து கொச்சி நோக்கிச் சென்ற எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் மூழ்கியது. அதன் சிதைவையும் பழைய படம் அறியாது.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. 50,000-இல் ஒரு பங்கு அளவில் வரைந்த படத்தில் 1 மில்லிமீட்டர் என்பது கடலில் 50 மீட்டர். திரையில் அப்படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அளவையின் நுட்பம் கூடுவதில்லை. பாறைக்கும் படகுக்கும் இடையே திரையில் ஒரு விரற்கடை வெளி தெரிகிறது என்று நம்பி நெருங்குதல் ஆகாது. படகைத் துறையில் கட்டியபின் கருவியை இயக்கிப் பார்க்க. திரையிலும் படகு அத்துறையிலேயே நிற்கிறதா என்பதே எளிய சோதனை.

நீரும் வெயிலும் மின்சாரமும்

நீர்க்காப்பில் 'ஐ.பி.எக்ஸ். 7' என்ற தரம், 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினும் கருவி கெடாது என்பதைக் குறிக்கும். இதற்குக் குறைந்தது வேண்டா. ஈரமும் உப்பும் படிந்த விரலுக்குத் தொடுதிரையைவிட அழுத்து பொத்தான்கள் ஏற்றவை. நண்பகல் வெயிலில் திரை தெளிவாகத் தெரிகிறதா என்பதைக் கடையின் நிழலில் அன்றி வெளியே கொணர்ந்து பார்த்தல் வேண்டும். காந்தத் திசைகாட்டிக்கு அருகில் கருவியைப் பொருத்தினால் திசைகாட்டியின் முள் பிறழக்கூடும்.

பாய்ப்படகில் மின்சாரம் அரிய பொருள். 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 1 ஆம்பியர் இழுக்கும் கருவி, 12 மணி நேரத்தில் 12 ஆம்பியர்-மணி செலவிடும். சாதாரண ஈய-அமில மின்கலத்தைப் பாதிக்குமேல் வடியவிடுதல் அதன் ஆயுளைக் குறைக்கும். ஆகவே கருவிக்கு மட்டும் 24 ஆம்பியர்-மணி கொண்ட மின்கலம் வேண்டும். விளக்குகளுக்கு வேறு கணக்கு. பெரிய திரை பெரும் செலவு என்பதை மறத்தலாகாது.

திரையில் தோன்றும் நேர்கோட்டையும் அப்படியே நம்பலாகாது. எதிர்காற்றில் பாய்ப்படகு நேரே செல்ல இயலாது. இருபுறமும் மாறி மாறிச் சாய்வாகவே செல்லும். ஒவ்வொரு முறையும் 45 பாகை சாய்ந்தால், 10 கடல் மைல் வழி ஏறத்தாழ 14 கடல் மைலாகும்.

எண்ணைப் படிக்கும் முறை

ஒரு பாகை 60 கலைகள் கொண்டது. அட்சரேகையில் ஒரு கலை ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். 8 பாகை 22.5 கலை என்பதைப் பதின்மத்தில் எழுதினால் 8.375 பாகை. இதனை 8.225 என்று கரைக்குச் சொல்லிவிட்டால், 9 கடல் மைல், அதாவது சுமார் 16.7 கிலோமீட்டர் தெற்கே தேடுவர். ஆபத்தில் உயிர் இதனைச் சார்ந்தது. கருவியில் எம்முறை அமைக்கப்பட்டுள்ளது என்பதைப் படகிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

கருவி செய்யாதது

2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கி புயல் குமரி முனைக்கு அருகே வலுப்பெற்றபோது, திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலர் முன்னரே கடலில் இருந்தனர். நடுக்கடலில் இருந்தோர்க்குச் செய்தி சென்று சேரவில்லை, பலர் மாண்டனர். இடம் அறிதல் வேறு. எச்சரிக்கை பெறுதல் வேறு. உதவி கோருதல் வேறு. கடற்படக் கருவி முதலாவதை மட்டுமே செய்யும். 2019-இல் வெளியிடப்பட்ட 'ஜெமினி' கருவி கரையின் எச்சரிக்கையைக் கைபேசிக்குக் கொணரும். ஆயின் மறுமொழி அனுப்பாது. உதவி கோர வி.எச்.எப். வானொலியோ, ஆபத்து அறிவிப்புக் கருவியோ வேண்டும். கையிருப்புப் பணம் சிறிதெனின், திரையின் அளவைக் குறைத்து அவ்வானொலியை வாங்குதலே அறிவுடைமை.

கள ஊழியர்கள் மீனவரிடம் கருவியைப் பற்றிப் பேசுமுன் அவர்களுடைய கணிச்சக் குறிகளைக் கேட்டறிந்து, அவ்விடங்களையே கருவியில் பதித்துக் காட்டுவாராயின் புதியது எளிதில் விளங்கும். ஆசிரியர்கள் பள்ளித் திடலில் நான்கு கம்புகளை நட்டு, இரு நேர்கோடுகள் வெட்டும் இடத்தை மாணவரைக்கொண்டே கண்டுபிடிக்கச் செய்யலாம். மின்கலம் தீர்ந்துபோன இரவு கழிந்து, கரை மீண்டும் கண்ணுக்குத் தெரியும்போது துணை நிற்பது அவ்வறிவே.