மந்திரிசபை சொன்னதை ஜனாதிபதி மறுக்கலாமா?

ஏலாக்குறிச்சி ஊராட்சித் தலைவரை ஊர் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். நாட்டின் தலைவரான ஜனாதிபதிக்கோ எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் ஓட்டுப் போடுகிறார்கள்.

ஆனாலும் அவர் கையெழுத்து இல்லாமல் பார்லிமெண்டின் மசோதா சட்டம் ஆகாது. அப்படியானால், மந்திரிசபையின் யோசனையை அவர் மறுக்கலாமா?

இதைக் கேட்டவரே ஒரு ஜனாதிபதிதான்!

பிரசாத்தின் சந்தேகம்

1951-ல் ராஜேந்திர பிரசாத் இந்தச் சந்தேகத்தைக் கிளப்பினார். பிரதம மந்திரி நேரு, அட்டர்னி ஜெனரல் சீதல்வாட்டிடமும், சென்னை சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரிடமும் கருத்துக் கேட்டார். மந்திரிசபை சொல்படியே ஜனாதிபதி நடக்க வேண்டும் என்று இருவரும் கூறினார்கள்.

பிரசாத் விடவில்லை. 1960 நவம்பரில் டெல்லியில், இந்தியச் சட்டக் கழகக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஜனாதிபதியின் அதிகாரம் எவ்வளவு என்று அறிஞர்கள் ஆராய வேண்டும் என்று அங்கே பேசினார்.

கிடைத்த விடை

1974-ல் சுப்ரீம் கோர்ட்டின் 7 நீதிபதிகளும் அல்லாடியின் கருத்தையே கூறினார்கள். 1976-ல் அது அரசியல் சட்டத்திலேயே ஏறியது. 1978-ல் ஒரு உரிமை சேர்ந்தது. "மறுபடி யோசியுங்கள்" என்று ஜனாதிபதி ஒரு முறை திருப்பி அனுப்பலாம். மந்திரிசபை மீண்டும் அதையே சொன்னால் ஏற்க வேண்டும்.

ஒரு முறைதானே என்று எண்ண வேண்டாம். 1997-ல் உத்தரப் பிரதேசத்தில் ஜனாதிபதி ஆட்சியைக் கொண்டுவர மந்திரிசபை சிபாரிசு செய்தது. ஜனாதிபதி கே.ஆர்.நாராயணன் அதைத் திருப்பி அனுப்பினார். மந்திரிசபை அந்த எண்ணத்தைக் கைவிட்டது. மாநில அரசு பிழைத்தது.

முடிவு செய்வது மந்திரிசபை. அது அவசரப்பட்டால் "சற்றுப் பொறுங்கள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவரே ஜனாதிபதி.