எரியும் மேடையை நோக்கிச் சென்ற படகுகள்

எமது வீட்டிலிருந்து கடற்கரைக்குப் போவதென்றால் பஸ்ஸில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். இறப்பர் மரங்களுக்கும் தேயிலை மலைகளுக்கும் நடுவே வளர்ந்த நான், நடுக்கடலில் நிற்கும் எண்ணெய் மேடையைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதற்குக் காரணம் எங்கள் மாமா. உம்மாவின் தம்பியான அவர், வளைகுடாவில் எண்ணெய் மேடைகளுக்குச் சாமான் கொண்டு செல்லும் கப்பலொன்றில் சமையல் வேலை செய்தவர். 2005 ஆம் ஆண்டு மும்பைக்கு அப்பால் நடந்த விபத்தை எனக்கு முதலில் சொன்னவரும் அவரே. "ஒரு கோக்கியின் இரண்டு விரலில் தொடங்கின கதை மகள்" என்றுதான் ஆரம்பித்தார்.

எண்ணெய் மேடை என்பது கடலடியில் ஊன்றிய உருக்குக் கால்களின் மேல் கட்டப்பட்ட ஒரு தொழிற்சாலை. அங்கேயே ஆட்கள் வாரக்கணக்கில் உண்டு உறங்கி வேலை செய்வர். கடலடியிலிருந்து எண்ணெயையும் வாயுவையும் கடத்தும் செங்குத்துக் குழாய்கள் மேடையின் கால்களை ஒட்டி மேலேறும். இவற்றை 'ரைசர்' என்பர். இக்குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் மிக அதிகம். ஒன்று உடைந்தால் அதிலிருந்து வெளிவருவதை ஊதி அணைக்கக்கூடிய தீ என்று நினைத்துவிடக் கூடாது.

மும்பை ஹை நோர்த் என்ற மேடை மும்பைக் கரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தொலைவில், இந்திய அரசின் ஓ.என்.ஜி.சி. நிறுவனத்துக்கு உரியதாக இருந்தது. 2005 ஜூலை 27 ஆம் திகதி, அதன் அருகே வேலை செய்துகொண்டிருந்த 'சமுத்திர சுரக்ஷா' என்ற கப்பலின் சமையற்காரர் ஒருவருக்கு இரண்டு விரல்களின் நுனி வெட்டுப்பட்டது. முதல் நாள்தான் மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீற்றர் மழை கொட்டியிருந்தது. ஹெலிகொப்டர்கள் பறக்க முடியாத நிலை. எனவே காயப்பட்டவரைக் கூடையில் வைத்துப் பாரந்தூக்கி மூலம் மேடைக்கு ஏற்றத் தீர்மானித்தார்கள். காற்று மறைவாக இருந்த பக்கத்துப் பாரந்தூக்கி இயங்கவில்லை. காற்றும் அலையும் தள்ளும் பக்கமாகவே கப்பல் நெருங்க வேண்டியதாயிற்று. அலை தூக்கியடித்ததில் கப்பலின் ஹெலிகொப்டர் தளம் ஒரு ரைசரில் மோதியது. வாயு கசிந்து தீப்பற்றியது. அந்த வெப்பத்தில் அடுத்தடுத்த ரைசர்களும் வெடித்தன. சுமார் இரண்டு மணித்தியாலத்தில் பிரதான மேடை கடலுக்குள் சரிந்துவிட்டது.

அன்று அந்த மேடைத் தொகுதியிலும் கப்பலிலும் அருகிலிருந்த துளையிடும் மேடையிலுமாக 384 பேர் இருந்தார்கள். எட்டு உயிர்காப்புப் படகுகளில் இரண்டையும், பத்து மிதவைகளில் ஒன்றையும் மட்டுமே கடலில் இறக்க முடிந்தது. மற்றவை தீயின் பக்கம் அகப்பட்டுக்கொண்டன. ஆயினும் 362 பேர் காப்பாற்றப்பட்டார்கள். அந்தக் கொந்தளிப்பிலும் சுற்றுவட்டாரத்தில் நின்ற விநியோகக் கப்பல்களும், கடற்படையினரும், கரையோரக் காவற்படையினரும் ஆட்களைத் தேடித் தேடித் தூக்கினார்கள். 22 பேர் திரும்பவில்லை. அவர்களில் 11 பேரின் உடல்கள்கூடக் கிடைக்கவில்லை.

இதில் என்னை உறங்கவிடாத விடயம் வேறொன்று. சமுத்திர சுரக்ஷா சுழியோடிகளுக்கான கப்பல். ஆழ்கடலில் வேலை செய்யும் சுழியோடிகள் ஒவ்வொரு நாளும் மேலே வந்து போவதில்லை. கப்பலிலுள்ள ஓர் இரும்பு அறைக்குள், கடலாழத்துக்குச் சமமான அழுத்தத்திலேயே நாட்கணக்கில் வாழ்வார்கள். அறையின் அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைக்காமல் கதவைத் திறந்தால், இரத்தத்தில் கரைந்திருக்கும் வாயு சோடாப் போத்தலைத் திறந்தாற்போல் குமிழியாகிவிடும். அது மரணம். அன்று கப்பலில் தீப்பற்றியபோது ஆறு சுழியோடிகள் அந்த அறைக்குள் இருந்தார்கள். ஏனையோர் கப்பலைக் கைவிட்டு இறங்க வேண்டியதாயிற்று. இவர்களால் இறங்க முடியவில்லை. 36 மணித்தியாலங்கள் கழித்து ஆறு பேரும் உயிருடன் மீட்கப்பட்டார்கள். ஆகஸ்ட் 1 ஆம் திகதி, இழுத்துச் செல்லப்படும் வழியில் அந்தக் கப்பல் மூழ்கிப்போனது.

எண்ணெய் மேடை விபத்துகளில் மிகக் கொடியது ஸ்கொட்லாந்துக்கு அப்பால் வட கடலில் நடந்தது. 1988 ஜூலை 6 ஆம் திகதி இரவு 'பைப்பர் அல்பா' மேடை வெடித்ததில் 167 பேர் இறந்தார்கள். அங்கும் ஹெலிகொப்டர் வரும் என்று பலர் தங்குமிடத்திலேயே காத்திருந்தார்கள். புகையினால் ஹெலிகொப்டர் இறங்க முடியவில்லை. வெளியேறும்படி கட்டளையும் வரவில்லை. அந்தத் தங்குமிடத்துக்குள் மட்டும் 81 பேர் மாண்டார்கள். தப்பிய 61 பேரில் பெரும்பாலானோர், கட்டளைக்குக் காத்திராமல் கயிற்றில் இறங்கியோ உயரத்திலிருந்து குதித்தோ கடலுக்கு வந்தவர்கள்.

கடலுக்கு வந்தவர்களைத் தூக்கியவர்கள் யார்? காவல் நின்ற 'சில்வர் பிற்' ஒரு பழைய மீன்பிடிக் கப்பல். மேடையில் ஏதும் நடந்தால் உதவுவதற்காக அருகிலேயே சுற்றிக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. அதிலிருந்தும் ஏனைய கப்பல்களிலிருந்தும் சிறு படகுகள் மேடையின் கால்களுக்கு இடையே மீண்டும் மீண்டும் போய் வந்தன. 'சான்ட்ஹேவன்' கப்பலின் படகு ஆறு பேரை ஏற்றிக்கொண்டிருந்த வேளையில், இரவு 10.50 அளவில், இன்னொரு வாயுக் குழாய் வெடித்தது. அந்த ஆறு பேரும், படகோட்டிகள் மூவரில் இருவரும் இறந்தார்கள். மிஞ்சியவர் ஒருவரே.

மீட்புக்குச் சென்ற கடலோடிகளின் நினைவுகள் வெறும் கதைகளாகப் போய்விடவில்லை. கலன் பிரபு தலைமையிலான விசாரணையில் அவை சாட்சியங்களாயின. 1990 இல் வெளிவந்த அறிக்கையின் 106 விதந்துரைகளில் காவல் கப்பல்கள் பற்றியவையும் உள்ளன. பின்னாளில் அபர்தீன் பல்கலைக்கழகமும் பிரித்தானிய நூலகமும் சேர்ந்து வட கடல் எண்ணெய்த் தொழிலில் ஈடுபட்டோரின் வாய்மொழி வரலாற்றையும் ஒலிப்பதிவு செய்துவைத்தன. மும்பை ஹை பற்றிப் பேசும்போதெல்லாம் எத்தனை பீப்பாய் எண்ணெய் நட்டம் என்பதே முன்னுக்கு வருகிறது. 362 பேரை அலையிலிருந்து தூக்கிய கைகளைப் பற்றியும் அதே அளவுக்குப் பேச வேண்டும் என்பது என் கருத்து. மன்னார்ப் படுகையில் 2011 இல் வாயு கண்டுபிடிக்கப்பட்டது. நாளை எமது கடலிலும் மேடைகள் எழலாம்.

காவல் கப்பல் வேலையைப் பற்றி மாமாவிடம் கேட்டேன். "அது சரியான அலுப்பு வேலை. இரவு பகலாச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனா அந்த அலுப்பு கலையவே கூடாதெண்டு அதில இருக்கிற எல்லாரும் துஆ கேட்பாங்க" என்றார். ஒவ்வொரு வாரமும் மணி அடித்து, எல்லோரையும் மேல்தளத்தில் நிறுத்தி எண்ணுவார்களாம். அடுப்பில் கறி கொதித்தாலும் அணைத்துவிட்டு ஓட வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள். விபத்தில் எவரைத் தேடுவது என்பது அந்த எண்ணிக்கையில்தான் தங்கியிருக்கிறது.

அவர் சொன்னபோது எனக்கு 2017 மே மாதம் நினைவுக்கு வந்தது. களு கங்கை பெருகி, கடைவீதி முழுவதும் நீரில் மூழ்கியிருந்தது. நாங்கள் மேல்மாடியில் இருந்தோம். மலைநாட்டுக்குள் கடற்படையினர் படகில் வருவதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். ஜன்னலருகே வந்ததும் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "கீ தெனெக் இன்னவத?" என்பதே. எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று. உம்மம்மா "ஆறு பேர்" என்றார். நாங்கள் ஏழு பேர். பதற்றத்தில் அவர் தன்னை எண்ண மறந்திருந்தார். படகில் ஏறிய பின் அந்தக் கடற்படை வீரர் எங்கள் தலைகளை விரலால் சுட்டி ஒருமுறை எண்ணினார். பின்பு இன்னொரு முறையும் எண்ணிவிட்டுத்தான் இயந்திரத்தை இயக்கினார்.