பிரவுசர் கேட்பதை சர்வர் காதில் போட்டுக்கொள்கிறதா?

பிரவுசரில் எஃப்12 தட்டி நெட்வொர்க் டேபைத் திறங்க. ஏதாவது ஒரு ரிக்வெஸ்டை கிளிக் பண்ணினால் அக்செப்ட், அக்செப்ட்-லேங்குவேஜ், அக்செப்ட்-என்கோடிங் என்று மூன்று ஹெடர்கள் தெரியும். நீங்க டைப் செய்தது யூஆர்எல் மட்டும்தான். எந்த ஃபார்மட், எந்த மொழி, எந்த கம்ப்ரெஷன் என்ற பட்டியலை பிரவுசர் தானாகவே சேர்த்து அனுப்பியிருக்கிறது.

மெஸ்ஸில் "சாம்பார் கொடுங்கண்ணா, இல்லைன்னா ரசம்" என்று கேட்போமே, அதே கதைதான். அந்த வரிசையைச் சொல்வது க்யூ என்ற எண், 0 முதல் 1 வரை. எண் இல்லையென்றால் 1 என்று அர்த்தம். 0 என்றால் வேண்டவே வேண்டாம். தமிழுக்கு எண் இல்லாமல், ஆங்கிலத்துக்கு 0.8 என்று வந்தால் தமிழ்ப் பக்கம்தான் போகணும். ஹெடரில் ஆங்கிலத்தின் குறியீடு எங்கேயாவது இருக்கா என்று மட்டும் தேடுகிற கோட் இங்கே சொதப்பும். எக்ஸ்பிரஸ் மாதிரி ஃபிரேம்வொர்க்கில் இதற்கென்றே ஃபங்ஷன் இருக்கு, அதையே பயன்படுத்துங்க.

கேட்டது நம்மிடம் இல்லைன்னா? 406 அனுப்பலாம், கண்டுகொள்ளாமல் இருப்பதையும் கொடுக்கலாம். ஹெச்டிடிபி விதி இரண்டையும் அனுமதிக்கிறது. மனுஷங்க படிக்கிற பக்கத்துக்கு 406 தேவையில்லாத வேலை. ஜேசன் மட்டும் கேட்கிற புரோகிராமுக்கு 406 கொடுப்பதுதான் நியாயம்.

உண்மையான தலைவலி கேஷில் இருக்கிறது. ஒரே யூஆர்எல், இரண்டு மொழி, நடுவில் ஒரு சிடிஎன். முதலில் வந்தவருக்குப் போன தமிழ்ப் பக்கத்தை சிடிஎன் சேமித்துவைத்து, அடுத்து ஆங்கிலம் கேட்டு வருபவருக்கும் அதையே நீட்டும். அந்த ரிக்வெஸ்ட் உங்க சர்வருக்கே வராது, அதனால் லாகிலும் எதுவும் இருக்காது. லோக்கல்ஹோஸ்டில் சிடிஎன் இல்லாததால் அங்கே எல்லாம் சரியாகத்தான் ஓடும்! எந்த ஹெடரைப் பார்த்துப் பதிலை மாற்றினோம் என்று 'வேரி' ஹெடரில் சொல்லியே ஆகணும். ஆனால் மொழிப் பட்டியல் ஆளுக்கு ஆள் மாறுவதால், வேரி போட்டால் கேஷ் துண்டு துண்டாகப் பிரிந்து பயனில்லாமல் போகும்.

அதனால் மொழிக்கு ஒரு யூஆர்எல் வைப்பதே நல்லது. ஹெடரை முகப்புப் பக்கத்தில் ரீடைரக்ட் செய்ய மட்டும் பாருங்க. மொழி மாற்ற ஒரு லிங்க் கட்டாயம் வேணும், அதில் தேர்ந்தெடுத்ததை குக்கியில் வைத்து ஹெடருக்கு மேலாக மதியுங்க. லேப் கம்ப்யூட்டரில் பிரவுசர் மொழியை செட் பண்ணியது அங்கே உட்கார்ந்திருக்கிறவர் இல்லையே.

கம்ப்ரெஷனுக்கும் வேரி தேவை. என்ஜின்எக்ஸில் அதற்கான 'ஜிஜிப்_வேரி' டிஃபால்ட்டாக ஆஃபில்தான் இருக்கும். டெப்ளாய் செய்வதற்கு முன்னால் ஆன் பண்ணிடுங்க.