உஷார்! மிளகுக் காசை ரெக்கார்டர் பெட்டியில் போடும் முன்...

"அக்கா, நீங்க மிளகு பறிக்கப் போனா என்ன, கரண்ட் போனா என்ன? சீரியல் அதுபாட்டுக்குப் பதிவாகிடும். ராத்திரி சாவகாசமா உக்காந்து, விளம்பரத்தைத் தள்ளிவிட்டுட்டுப் பாருங்க!"

கொல்லிமலையில் மிளகும் காபியும் விற்ற காசு கையில் இருக்கும் நேரம் பார்த்து, யாராவது உங்கள் வாசலில் வந்து இப்படிப் பேசினால் உஷார்! இதில் பாதி உண்மை, மீதி புளுகு. நீங்கள் தோட்டத்தில் இருக்கும்போது பெட்டி பதிவு செய்யும் என்பது உண்மை. கரண்ட் போனாலும் பதிவு செய்யும் என்பது பச்சைப் பொய். மின்சாரம் இல்லாமல் எந்த ரெக்கார்டரும் ஒரு நொடியைக்கூடப் பதிவு செய்யாது.

டிவி ரெக்கார்டர் மோசடிப் பொருள் அல்ல. செட்டாப் பாக்ஸுக்குள் கம்ப்யூட்டரில் இருப்பதுபோன்ற ஹார்டு டிஸ்க் ஒன்று இருக்கும். நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்து ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அதில் பதிவாகும். ஓடிக்கொண்டிருக்கும் படத்தை நிறுத்திவிட்டு, அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். அமெரிக்காவில் 1999-ல் 'டிவோ' என்ற பெயரில் இது வீடுகளுக்கு வந்தது. இந்தியாவில் 2008-ல் 'டாடா ஸ்கை பிளஸ்' வந்தபோது விலை ஏறத்தாழ 9,000 ரூபாய்.

இன்று நகரங்களில் இதன் மவுசு குறைந்துவிட்டது. தவறவிட்ட சீரியலை செல்போனில் பார்த்துக்கொள்கிறார்கள். டிடிஎச் நிறுவனங்களே இப்போது இன்டர்நெட்டில் ஓடும் ஆண்ட்ராய்டு பெட்டிகளைத்தான் முன்னிறுத்துகின்றன. செல்போன் சிக்னலுக்கு மேடு தேடி ஏற வேண்டிய ஊர்களில்தான் "நெட் வேண்டாம், பதிவு பண்ணிப் பாருங்க" என்ற பேச்சு எடுபடும். கீழே விலைபோகாத பழைய சரக்கும் அந்தப் பேச்சோடு மேலே ஏறி வரலாம். காசை எடுக்கும் முன் மலையில் இதற்கு என்னென்ன சிக்கல் என்று பார்த்துவிடுங்கள்.

இடி இடித்தால் என்ன செய்வீர்கள்?

மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்: வானம் கருத்து இடி உறுமினால் டிவி பிளக்கைப் பிடுங்க வேண்டும். டிஷ்ஷிலிருந்து வரும் ஒயரையும் கழற்றிவிட வேண்டும். பக்கத்தில் எங்கோ மின்னல் இறங்கினால்கூடப் போதும். மின் ஒயர் வழியாகவோ டிஷ் ஒயர் வழியாகவோ வரும் அதிர்ச்சி பெட்டியின் போர்டைக் கருக்கிவிடும்.

ரெக்கார்டருக்கோ பிளக்கும் சொருகியிருக்க வேண்டும், டிஷ் ஒயரும் மாட்டியிருக்க வேண்டும், அதுவும் நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில்! கோடை மழை மாலையில்தான் இடியோடு வரும். சீரியலும் மாலையில்தான். கழற்றி வைத்துவிட்டுப் போனால் பதிவு இல்லை. மாட்டி வைத்துவிட்டுப் போனால் பெட்டிக்கு உத்தரவாதம் இல்லை. மின்னலால் வரும் சேதத்தை வாரண்டியில் சேர்ப்பதும் அரிது. வாரண்டி அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அது இருக்கும், படியுங்கள்.

திடீர் மின்வெட்டும் ஆபத்துதான். ஹார்டு டிஸ்க் சுழன்று எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தப் பதிவு அரைகுறையாக நிற்கும். அடிக்கடி இப்படி நடந்தால் டிஸ்க்கே பழுதாகலாம். இன்வெர்ட்டர் இருந்தால் தப்பிக்கலாம். ஆனால் ரெக்கார்டருக்காக இன்வெர்ட்டர் வாங்குவது குதிரை வாங்கக் காசில்லாதவன் லாயம் கட்டிய கதை.

மழையையும் பதிவு செய்யும் பெட்டி

நம் டிடிஎச் சேவைகள் 'கேயு பேண்ட்' என்ற உயர் அலைவரிசையில் வருகின்றன. கனமழையின் துளிகள் அந்த அலையை உறிஞ்சிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திரையில் 'சிக்னல் இல்லை' என்று வருவது அதனால்தான். டிஷ்ஷுக்கு வராத சிக்னலை ரெக்கார்டரால் உண்டாக்க முடியாது. பட்டியலில் சீரியல் பெயர் அழகாக இருக்கும். திறந்து பார்த்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். முக்கியமான கட்டத்தில் திரை கருப்பாகிவிடும்.

மிளகுக் கொடி ஏற்ற வீட்டைச் சுற்றி நட்டிருக்கும் சில்வர் ஓக் மரங்களையும் பாருங்கள். கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கும் ஜிசாட்-15 போன்ற செயற்கைக்கோளுக்கு நம் பகுதியில் டிஷ் தென்கிழக்கே, வானத்தை நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டும். டிஷ் மாட்டியபோது இடுப்பளவு இருந்த மரம் சில ஆண்டுகளில் கூரையைத் தாண்டி அந்தப் பார்வையை மறைக்கும். அப்போது மழை இல்லாத நாளிலும் பதிவு கெடும்.

வானத்திலேயே கோளாறு வருவதும் உண்டு. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்வழங்கல் பழுதாகி, அதன் அலைபரப்பிகளில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. சன் டைரக்ட் சேவை பாதிக்கப்பட்டு வேறு செயற்கைக்கோளுக்கு மாறியது. டிஷ்ஷைத் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. சமவெளியில் அதற்கு ஆள் வருவது சுலபம். இங்கே அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும். "டெக்னீஷியன் எத்தனை நாளில் வருவார், கூலி எவ்வளவு?" என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

பதிவு செய்தது உங்களுக்குச் சொந்தமா?

பலர் ஏமாறும் இடம் இது. கட்டணச் சேனல்களைப் பதிவு செய்தால் அது பூட்டு போட்ட கோப்பாகத்தான் பெரும்பாலும் சேமிக்கப்படும். அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும். மகள் வீட்டு டிவியில் ஓடாது, கம்ப்யூட்டரிலும் ஓடாது. ரீசார்ஜ் தீர்ந்தால், ஏற்கெனவே பதிவு செய்ததையும் பார்க்கவிடாத பெட்டிகள் உண்டு. பெட்டி பழுதாகி மாற்றினால், சேர்த்து வைத்த அத்தனையும் போச்சு. பேத்தியின் நடனம் உள்ளூர் சேனலில் வந்தது, திருவிழா நேரலையில் நம் ஊர் தெரிந்தது என்று காலத்துக்கும் வைத்திருக்க நினைப்பவர்கள் இதை நம்பவே கூடாது.

ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் சேவைக்கு உதவாது என்பதையும் மறக்காதீர்கள். எந்தப் பெட்டியும் எந்தச் சேவைக்கும் பொருந்த வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. ஆனால் பரிந்துரையை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். நாளை அரசு கேபிளுக்கோ வேறு டிடிஎச்சுக்கோ மாற நினைத்தால், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ரெக்கார்டர் அலமாரியில்தான் கிடக்கும். பெட்டி விலைக்குத் தரப்படுகிறதா, வாடகைக்கா என்பதையும் ரசீதில் பாருங்கள்.

மீட்டரும் ஓடும்

நேரம் வந்ததும் தானாகப் பதிவு செய்ய பெட்டி இரவு பகலாக விழித்திருக்க வேண்டும். 15 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு 21.6 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பெட்டியே தின்றுவிடும். நூறுக்குள் நிற்கும் சிறு குடும்பம் இதனாலேயே பில் கட்டும் நிலைக்கு வரலாம்.

அப்படியானால் வாங்கவே கூடாதா?

வீட்டில் நெட் இல்லை, இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருக்கிறது, டிஷ்ஷுக்கு முன்னால் மரம் இல்லை, தினமும் தவறவிடும் நிகழ்ச்சிகள் இரண்டு மூன்று உண்டு என்றால் பயன் இருக்கிறது. அப்போதும் ஹார்டு டிஸ்க் வைத்த விலையுயர்ந்த பெட்டிக்குப் போகாதீர்கள். யூஎஸ்பி ஓட்டையில் பென்டிரைவ் சொருகிப் பதிவு செய்யும் பெட்டிகள் இருக்கின்றன. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை ஜிபி, எச்டி என்றால் மூன்று, நான்கு ஜிபி ஆகும். ஒரு வாரச் சீரியலுக்கு 32 ஜிபி தாராளம்.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பென்டிரைவ் 'ஃபேட் 32' முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. மூன்று மணி நேர எச்டி படம் துண்டு துண்டாகும், அல்லது கிளைமாக்ஸுக்கு முன்பே நின்றுவிடும். மாதச் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் பெட்டிகளிலும் யூஎஸ்பி பதிவு வசதி கொண்டவை உண்டு. ஆனால் அதில் டிடி தமிழ் வருமே தவிர, சன் டிவி, விஜய் டிவி போன்ற கட்டணச் சேனல்கள் வராது. அவை வரும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சீரியல் ஒன்றுக்காகத்தான் இத்தனையும் என்றால், மறுநாள் பகலில் மறு ஒளிபரப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்குக் காசே வேண்டாம்.

காசு கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்

- உங்கள் கண் முன்னால் பத்து நிமிடம் பதிவு செய்து, திரும்ப ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.
- ரீசார்ஜ் தீர்ந்தாலும் பழைய பதிவு ஓடுமா என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.
- பதிவு வசதிக்குத் தனி மாதக் கட்டணம் உண்டா என்று விசாரியுங்கள்.
- பெட்டியின் வரிசை எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ரசீது இல்லையென்றால் பெட்டியும் வேண்டாம்.
- மலைக்கு மேல் வந்து பழுது பார்ப்பார்களா, பெட்டியை நீங்களே சேந்தமங்கலத்துக்கோ நாமக்கல்லுக்கோ சுமந்து போக வேண்டுமா என்று தெளிவாகக் கேளுங்கள்.
- "ரெக்கார்டர் இலவசம், ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்று போன் வந்தால் உடனே துண்டியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

வாங்கிய பெட்டியில் ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே உங்கள் பக்கம் பேசப்போவது ரசீதுதான். அதைப் பத்திரமாக வையுங்கள். அதைவிட முக்கியம், வாசலில் நின்று பேசுபவரிடம் அன்றைக்கே காசு கொடுக்காதீர்கள். "ரெண்டு நாள் கழிச்சு வாங்க தம்பி" என்று சொல்லி அனுப்புங்கள்.