பன்னிரண்டு வோல்ட்டிலிருந்து ஒரு தீப்பொறி

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி சாலையில் வடமதுரைக்கு வரும்போது, எங்கள் தோழி ஒருத்தியின் மாமா ஓட்டும் வாடகைக் கார் இடித்து இடித்து ஓடியது. மேடு ஏற இழுவையே இல்லை. எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னியது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஒரு பட்டறையில் நான்கு பிளக்குகளையும் மாற்றியிருந்தார்கள். தவணை கட்டவேண்டிய வண்டி. ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போயிற்று. சனிக்கிழமை வடமதுரை மெக்கானிக் ஒருவர் அதைப் பிரித்தபோது நாங்கள் மூவரும் அருகில் நின்று பார்த்தோம். கண்டதையும், பின்னர் அறிவியல் கற்பிக்கும் சகோதரியிடம் கேட்டறிந்ததையும் இங்கே எழுதுகிறோம்.

பெட்ரோல் ஆவியும் காற்றும் சிலிண்டருக்குள் எரிய ஒரு தீப்பொறி வேண்டும். பிளக்கின் முனையிலுள்ள சிறு இடைவெளியை மின்சாரம் தாண்டும்போது அப்பொறி பிறக்கிறது. அதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் தேவை. பாட்டரியில் இருப்பதோ 12 வோல்ட். இந்த வேற்றுமையைச் சரிசெய்வதே காயிலின் வேலை. இரும்பு உள்ளகத்தின்மேல் தடித்த கம்பி சில நூறு சுற்றும், மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்றும் இருக்கும். தடித்த கம்பியில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென நிறுத்தினால், மெல்லிய கம்பியில் பேரழுத்தம் தோன்றும். ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது.

இத்தகைய காயிலை 1836-இல் செய்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதை அறிந்து நாங்கள் வியந்தோம். அயர்லாந்தின் மேனூத் குருமடத்தில் கற்பித்த நிக்கோலஸ் காலன் அடிகளாரே அவர். அளக்கக் கருவி இல்லாததால், மாணவர்களுக்கு அதிர்ச்சி கொடுத்தே அழுத்தத்தை மதிப்பிடுவாராம்! எங்கள் சகோதரி அம்முறையைக் கையாளாததற்கு நன்றி.

பழைய அம்பாசடர் காரில் நான்கு சிலிண்டருக்கும் ஒரே காயில்தான். டிஸ்ட்ரிபியூட்டர் பொறியைப் பங்கிட்டுக் கொடுத்தது. இக்காலக் கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் அமர்ந்திருக்கிறது. ஆகவே பிளக்கை மாற்றுபவர் காயிலைக் கழற்றியே தீரவேண்டும். அப்போதே அதைச் சோதிப்பது சுலபம். முந்தைய பட்டறையில் அதைத்தான் செய்யவில்லை.

மெக்கானிக் முதலில் கருவியை இணைத்து, பி 0303 என்ற குறியீட்டைக் குறித்துக்கொண்டார். மூன்றாம் சிலிண்டர் எரியவில்லை என்பது அதன் பொருள். எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தார். சூட்டில் பிளக்கைத் திருகினால் அலுமினியத் தலையின் மரை கெட்டுவிடுமாம். பின்பு பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, இணைப்பானின் பூட்டை அழுத்தி, காயிலை மெல்லத் திருகி மேலே இழுத்தார். பிளக்கைத் தொடுமுன் குழியில் காற்றடித்துத் தூசியை ஊதினார். நான்கில் மூன்று பிளக்குகள் பிஸ்கட் நிறத்தில் இருந்தன. மூன்றாவது மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தது. குழியில் எண்ணெய் இல்லை. இருந்தால் ரப்பர் உறை ஊறிக் கெட்டிருக்கும்.

குற்றவாளி யார்? மூன்றாம் காயிலை ஒன்றாம் சிலிண்டருக்கும், ஒன்றாவதை மூன்றாவதற்கும் மாற்றிப் பொருத்தி ஓட்டினார். குறியீடு பி 0301 ஆயிற்று. பழுது காயிலுடனேயே இடம் மாறியது! பிளக்கில் குறையிருந்தால் அது மூன்றாம் சிலிண்டரிலேயே நின்றிருக்கும். மறுபடி கழற்றிப் பார்த்தபோது காயிலின் கழுத்தில் மயிரிழை விரிசலும் கரிக்கோடும் தெரிந்தன. மின்சாரம் பிளக்கை விட்டு அவ்வழியே ஓடியிருக்கிறது.

விரிசலின் காரணம் எங்களுக்குப் புதிதாயிருந்தது. பிளக் தேயத் தேய இடைவெளி அகலும். அதைத் தாண்டக் காயில் மேலும் அழுத்தம் கொடுத்துத் திணறும். பழைய பிளக்குகளை நெடுநாள் ஓட்டியதே காயிலைக் கெடுத்திருக்கலாம் என்றார் மெக்கானிக். விளக்கு மின்னும்போது வண்டியை ஓட்டினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியில் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலை காயிலைப் போலப் பல மடங்கு. எஞ்சின் ஓடும்போது காயிலை இழுத்துப் பொறி பார்ப்பதும் ஆபத்து.

புதிய காயில் வந்தது. கடைசிப் பிளக்கைக் கையால் திருகும் வேலையை எங்களிடம் கொடுத்தார். ஸ்பானர் பிறகுதான், முதலில் விரலால் இலகுவாக இறங்கவேண்டும், முரண்டினால் உடனே வெளியே எடுக்கவேண்டும் என்றார். இரண்டாம் முயற்சியில் இறங்கியது. மாமா அன்று மாலையே பழனிக்குச் சவாரி ஏற்றிப் போனார்.