காலுறை எவ்வளவு இறுக்கம்?

புனே நகருக்குப் பக்கத்தில் தேஹு ரோடு, கட்கி என்று இரண்டு ஊர்கள். கட்கியைப் பெரியவர்கள் கிர்கி என்பார்கள். ராணுவக் கிடங்குகளிலும் தொழிற்சாலையிலும் வேலை தேடிப் போன தமிழர்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கிறார்கள்.

அங்கே இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். காலை நான்கு மணிக்கு அடுப்பின் முன் நிற்பார். பகல் பன்னிரண்டுக்குத்தான் உட்காருவார். கெண்டைக்காலில் நீல நிறத்தில் புழுப்போல் நெளிந்து புடைத்திருக்கிறது. கணுக்காலுக்கு மேலே ஒரு புண். மூன்று மாதமாக ஆறவில்லை.

மருத்துவர் அழுத்தக் காலுறை போடச் சொன்னார். கடையில் வாங்கிப் போட்டுப் பார்த்தார்.

"அப்பாடா, என்ன இறுக்கு இறுக்குது! கொஞ்சம் லூசா குடுங்க தம்பி."

கடைக்காரரும் மாற்றிக் கொடுத்தார். புண் ஆறவே இல்லை. ஏன்?

"நரம்பு சுருட்டிக்கொண்டது" என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது நரம்பு அல்ல, ரத்தக் குழாய். காலுக்கு வந்த ரத்தத்தை மேலே இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். அதற்குள் சிறு கதவுகள் உண்டு. ஏறிய ரத்தம் மீண்டும் இறங்காமல் அவை தடுக்கும். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை பம்புபோல் அமுக்கி ரத்தத்தை மேலே தள்ளும். கதவுகள் கெட்டுவிட்டால் ரத்தம் கீழேயே தேங்கும். குழாய் புடைக்கும். கால் வீங்கும். தோல் கறுத்துப் புண்ணாகும்.

வெளியிலிருந்து அமுக்கினால் குழாய் சுருங்கும். ரத்தம் மேலே ஏறும். இதுதான் காலுறையின் வேலை. எவ்வளவு அமுக்க வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ரத்த அழுத்தம் பார்க்கும்போது "120" என்கிறார்களே, அது என்ன? 120 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தூக்கி நிறுத்தும் அழுத்தம். காலுறையின் அழுத்தத்துக்கும் அதே அளவுதான். நாம் அசையாமல் நிற்கும்போது கணுக்காலில், ரத்தம் திரும்பும் குழாய்க்குள் 80 முதல் 90 வரை அழுத்தம் இருக்கும். நல்ல கால் நடந்தால் அது 30-க்குப் பக்கம் இறங்கிவிடும். கதவு கெட்ட காலில் அப்படி இறங்காது.

அமெரிக்காவில் கான்ராட் ஜாப்ஸ்ட் என்ற பொறியாளர் இருந்தார். அவருக்கும் இதே கால் நோய். நீச்சல் குளத்தில் நின்றால் வலி குறைவதைக் கவனித்தார். தண்ணீர் ஆழம் கூடக் கூட அதிகமாக அமுக்கும். பாதத்தில் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. அதே மாதிரி அமுக்கும் காலுறையை 1950 வாக்கில் உருவாக்கினார். 30 அளவுள்ள காலுறை என்றால் சுமார் 41 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர் அமுக்குவதற்குச் சமம்.

ஒரு மூட்டையைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். மூலையில் கயிறு கடிக்கும். தட்டையான பக்கத்தில் கயிற்றுக்கடியில் விரல் நுழையும். கயிறு ஒன்றுதான், இழுத்த இழுப்பும் ஒன்றுதான். வளைவு கூர்மையாக உள்ள இடத்தில் அழுத்தம் அதிகம். காலும் அப்படியே. கணுக்கால் சுற்றளவு 22 சென்டிமீட்டர், கெண்டைக்கால் 36 என்று வையுங்கள். ஒரே இழுப்பில் பட்டை சுற்றினால் கணுக்காலில் 30 இருக்கும்போது கெண்டைக்காலில் 18 தான் இருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு கத்தி முனைபோல் இருக்கிறதல்லவா? அங்கே பட்டை கடித்துவிடும். அதனால்தான் பட்டை கட்டும்போது அடியில் பஞ்சு வைக்கிறார்கள்.

புனேயில் 1944-ல் தொடங்கிய செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. போரில் காலிழந்த வீரர்களுக்காக வந்தது. செயற்கைக் காலிலும் இதே பாடுதான். எலும்பு துருத்தும் இடத்தில் உறை அழுத்தினால் புண் வரும்.

சரி, அழுத்தத்தை அளப்பது எப்படி? ஆலையில் காலுறையை இயந்திரத்தில் பூட்டி இழுப்பார்கள். எவ்வளவு விசையில் எவ்வளவு நீள்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுவார்கள். பெட்டியில் அச்சிடும் எண் அதுதான். அது இயந்திரத்தின் கணக்கு, உங்கள் காலின் கணக்கு அல்ல.

உடம்பிலேயே அளக்கவும் கருவி உண்டு. நாணயம் அளவில் மெல்லிய காற்றுப் பை. அதைக் காலுறைக்கும் தோலுக்கும் நடுவே, கணுக்காலுக்கு மேலே உள்பக்கத்தில், கெண்டைச் சதை தொடங்கும் இடத்தில் செருகுவார்கள். பையிலிருந்து ஒரு குழாய் அளவு காட்டும் கருவிக்குப் போகும். பை தடிமனாக இருந்தால் தானே மேடாகி, இல்லாத அழுத்தத்தைக் காட்டும். எலும்பின் மேலும் வைக்கக் கூடாது. படுக்க வைத்து ஒரு முறை, நிற்க வைத்து ஒரு முறை அளப்பார்கள். நிற்கும்போது சதை புடைப்பதால் எண் ஏறும்.

பெட்டியில் "கிளாஸ் 2" என்று போட்டிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். ஜெர்மனி முறையில் அது 23 முதல் 32. பிரிட்டன் முறையில் 18 முதல் 24. இப்படி ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பது யாருக்கு லாபமோ! வகுப்பைப் பார்க்காமல் எண்ணைக் கேளுங்கள்.

இனி ஓர் ஆபத்தான விஷயம். சிலருக்குக் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயே அடைத்திருக்கும். சர்க்கரை நோயாளிகள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள் இதில் அதிகம். அந்தக் காலை இறுக்கினால் வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும். விரல் அழுகலாம். காலையே எடுக்க நேரலாம். ஆகவே மருத்துவர் முதலில் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்ப்பார். கணுக்கால் அழுத்தம் கையின் அழுத்தத்தில் பாதிக்கும் கீழே என்றால் இந்தக் காலுறை கூடாது. சர்க்கரை நோயில் குழாய் கெட்டிப்பட்டு, அடைப்பு இருந்தும் எண் நன்றாக இருப்பதுபோல் காட்டலாம். அதனால் சர்க்கரை இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

காலுறை போட்ட பிறகு விரல் நீலமானாலும், மரத்தாலும், வலி கூடினாலும் உடனே கழற்றிவிட வேண்டும்.

நம் இட்லிக் கடை அம்மா காலுறை வாங்கப் போனது மாலை நேரம். அப்போது கால் வீங்கியிருந்தது. அளவும் எடுக்கவில்லை. அடுத்த முறை, பக்கத்து வீட்டு நர்ஸ் காலையில் அவர் எழுந்தவுடனேயே தையல் டேப்போடு வந்தார். கணுக்காலில் மிக ஒல்லியான இடம், கெண்டைக்காலில் மிகப் பருத்த இடம். இரண்டையும் அளந்து ஒரு சீட்டில் எழுதினார்.

"அக்கா, இந்தச் சீட்டையும் டாக்டர் எழுதின எண்ணையும் கடையில காட்டுங்க. லூசா கேக்காதீங்க."