மார்பகப் புற்றுநோய்: வீடு வீடாகச் சோதித்தால் உயிர் பிழைக்குமா?

ஆஸ்டின் டவுனில் காலை 8 மணிக்கு மேல் பல வீடுகளில் பெண்களைப் பார்க்க முடியாது. வீட்டு வேலைக்கும், தையல் கம்பெனிக்கும், துப்புரவுப் பணிக்கும் புறப்பட்டுப் போய் விடுகிறார்கள். மார்பில் சிறு கட்டி தட்டுப்பட்டாலும், "வலிக்கவில்லையே, பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று விட்டு விடுபவர்கள் உண்டு.

இது பெரிய தவறு. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி வரும்போது நோய் முற்றி இருக்கலாம்.

பெங்களூர் பெண்களுக்கு இப்போது அதிகமாக வரும் புற்றுநோய் இதுதான். கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி 1982-ம் ஆண்டு முதல் நகரின் நோயாளிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்து வருகிறது.

பணக்கார நாடுகளில் "மாமோகிராம்" என்ற எக்ஸ்ரே படம் எடுத்து நோயைக் கண்டுபிடிக்கிறார்கள். இந்தியாவில் எல்லாப் பெண்களுக்கும் படம் எடுக்க எந்திரமும் போதாது, படத்தைப் பார்த்துச் சொல்ல டாக்டர்களும் போதாது. அப்படியானால் வேறு வழி உண்டா?

மும்பையில் நடந்த சோதனை

இந்தக் கேள்விக்கு விடை தேடியது மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரி. 1998-ம் ஆண்டு டாக்டர் இந்திரனீல் மித்ராவும் அவருடைய குழுவினரும் சோதனையைத் தொடங்கினார்கள். குடிசைப் பகுதிகள் 20 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. 35 முதல் 64 வயது வரையுள்ள 1 லட்சத்து 51 ஆயிரத்து 538 பெண்கள் சேர்க்கப்பட்டனர்.

ஏறக்குறைய பாதிப் பேருக்கு 2 ஆண்டுக்கு ஒரு முறை, மொத்தம் 4 முறை, கையால் தொட்டு மார்பகப் பரிசோதனை செய்யப்பட்டது. மறு பாதிப் பேருக்கு நோயைப் பற்றிய விளக்கம் மட்டும் சொல்லப்பட்டது. அதன் பிறகும் இரு பிரிவினரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார்கள்.

பரிசோதித்தவர்கள் டாக்டர்கள் அல்ல. பத்தாம் வகுப்பு வரை படித்து, பயிற்சி பெற்ற பெண்கள்.

எது சரியான கணக்கு?

இப்படிப்பட்ட திட்டம் வெற்றியா, தோல்வியா என்று எப்படி அறிவது? "நோயைக் கண்டுபிடித்த பிறகு எத்தனை ஆண்டு வாழ்ந்தார்?" என்று கேட்பது போதாது. அந்தக் கணக்கு ஏமாற்றி விடும்.

சென்னையில் இருந்து பெங்களூர் வரும் ஒரே ரெயிலில் ஒருவர் காட்பாடியில் ஏறுகிறார். இன்னொருவர் ஜோலார்பேட்டையில் ஏறுகிறார். காட்பாடியில் ஏறியவர் ரெயிலில் அதிக நேரம் இருந்தார். ஆனால் இருவரும் பெங்களூரில் இறங்கியது ஒரே நேரத்தில்தான். அதுபோல, நோயை முன்னதாகக் கண்டுபிடித்தால், கண்டுபிடித்த பிறகு வாழ்ந்த காலம் தானாகவே நீளமாகத் தெரியும். ஆனால் சாவு தள்ளிப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

எனவே எண்ண வேண்டியது சாவுகளை. சோதித்த பிரிவில் எத்தனை பேர் இந்த நோயால் இறந்தார்கள், சோதிக்காத பிரிவில் எத்தனை பேர் என்று ஒப்பிட வேண்டும். இதற்குப் பல்லாண்டு பொறுமை தேவை.

மும்பை முடிவு 2021-ம் ஆண்டு வெளியானது. நோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் சோதித்த பிரிவில் 100-க்கு 37 பேர். மற்ற பிரிவில் 47 பேர். 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடம் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50 வயதுக்கு உட்பட்டவர்களிடம் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

மணிலா, ஷாங்காய் பாடம்

எல்லா ஊரிலும் இப்படி நடக்கவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரில் 1995-ம் ஆண்டு இதே போன்ற சோதனை தொடங்கியது. 1 லட்சத்து 38 ஆயிரத்து 392 பெண்களைப் பரிசோதித்தார்கள். 3 ஆயிரத்து 479 பேரை மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பரிசோதனையை முடித்தவர்கள் 1,220 பேர்தான். அதாவது, 100-க்கு 35 பேர். பலர் மறுத்து விட்டனர். முதல் சுற்றோடு திட்டம் நின்றது.

சீனாவின் ஷாங்காயில் 2 லட்சத்து 66 ஆயிரம் பஞ்சாலைப் பெண்களைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தாங்களே சோதித்துக் கொள்ளும் முறை கற்பிக்கப்பட்டது. 2002-ல் வந்த முடிவில், சாவு குறையவில்லை. புற்றுநோய் அல்லாத கட்டிகளே அதிகம் கண்டுபிடிக்கப்பட்டன.

கட்டியைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை என்பதே பாடம். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். நோய் என்றால் ஆபரேஷன், மருந்து என்று சிகிச்சை முடியும் வரை போக வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பயன் இல்லை.

நம் நாட்டில் இன்று

மத்திய அரசு 2016-ல் வெளியிட்ட வழிமுறைப்படி, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை மார்பகப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது இந்தப் பரிசோதனை செய்து கொண்டவர்கள் 100-க்கு ஒருவர் கூட இல்லை. தமிழ்நாட்டில் 100-க்கு 5 அல்லது 6 பேர்.

இன்னொன்று. மும்பையில் பலன் தந்தது 2 ஆண்டுக்கு ஒரு முறை செய்த சோதனை. 5 ஆண்டு இடைவெளியிலும் அதே பலன் கிடைக்கும் என்று மும்பை கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. "இத்தனை லட்சம் பேரைச் சோதித்தோம்" என்பது மட்டும் வெற்றி அல்ல. கட்டி இருந்தவர்களில் எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்ற கணக்கே தேவை.

ஆஸ்டின் டவுனில் இருந்து ஓசூர் ரோட்டில் உள்ள கித்வாய் ஆஸ்பத்திரி அதிக தூரம் இல்லை. தூரத்தை விட, ஒரு நாள் கூலி போய் விடுமே என்ற கவலையும், "வெளியில் தெரிந்தால் மகள் கல்யாணம் என்னாகும்?" என்ற பயமும்தான் பல பெண்களைத் தடுக்கிறது.

கட்டி, மார்புத் தோலில் குழி விழுதல், காம்பில் ரத்தம் கசிதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ஆனால் எது புற்றுநோய் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல முடியாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அன்று ஒரு நாள் கணவரோ, மகனோ லீவு போட்டு உடன் போனால், மணிலாவில் அறுந்த கண்ணி இங்கே அறுந்து போகாது.